தொப்பி போட்ட ரிச்சர்ட்சன்

ரிச்சர்ட்சன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒரு தொப்பிதான். மெரூன் நிறத்தில், அகல விளிம்போடு, மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியின் முன்னாள் கேப்டன் ரிச்சி ரிச்சர்ட்சன் தலையில் இருந்த தொப்பி. ஹெல்மெட் போடாமல் வேகப்பந்தைச் சந்தித்த மனுஷன். அதனால் எங்கள் படிப்பகத்துத் தலைவர், "இந்த வருஷம் ஜூன் 3ஆம் தேதி ரிச்சர்ட்சன் நினைவு நாள் வெச்சிரலாம், செயலாளரண்ணே" என்று சொன்னபோது, "அவர் உயிரோடதானே இருக்காரு?" என்று கேட்டுவிட்டேன்.

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. "நான் பிஷப் ரிச்சர்ட்சனைச் சொல்றேண்ணே. கார் நிக்கோபார்."

இதில் என் வெட்கக்கேடு எங்கே என்று சொல்கிறேன். நான் அந்தமானில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் நிக்கோபாரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு பி.ஜே.ஆர். மருத்துவமனை என்று பெயர். அந்த மூன்று எழுத்தையும் முப்பது வருஷத்தில் எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். கட்டில், மெத்தை, ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றையும் அந்தப் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் என்று அதற்கு ஒரு விரிவு இருக்கிறது, அது ஒரு வாத்தியாருடைய பெயர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பி.ஜே.ஆர். என்பது ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதையாவது நினைத்தேனா என்பதும் சந்தேகம்தான்.

பெயர் விஷயத்தில் நான் எப்போதுமே கொஞ்சம் சுமார். நான் குடியிருக்கும் ஊர் புரோத்ராபூர். போர்ட் பிளேயருக்குத் தெற்கே, காராச்சரமா தாண்டி. வெளியாட்களுக்கு இங்கிருக்கும் மாவட்டச் சிறையைச் சொன்னால்தான் இடம் புரியும், "புரோத்ராபூரில் இருக்கிறேன்" என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள், "எந்த கேஸ்?" என்று கேலி பண்ணுவார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம், பிரதாப சிம்மன் என்ற ராஜா ஆண்ட ஊர் இது, பிரதாப்பூர் மருவிவிட்டது என்று பல வருஷம் அடித்துவிட்டிருக்கிறேன். உண்மையில் புரோதரோ என்ற வெள்ளைக்கார அதிகாரி பெயர் இது. எங்களைச் சுற்றி எல்லாமே அப்படித்தான். பர்ச் துரை பிரிச்கஞ்ச் ஆனார், ஃபெரார் துரை ஃபெரார்கஞ்ச் ஆனார், விம்பர்லி துரை விம்பர்லிகஞ்ச் ஆனார். கைதிகளை மேய்த்த துரைமார் அத்தனை பேரும் பஸ் பலகையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். போர்ட் பிளேயர் நகரத்தின் பெயரை 2024இல் ஸ்ரீவிஜயபுரம் என்று மாற்றினார்கள். ராஜேந்திர சோழன் கப்பல் கட்டிக்கொண்டு போய் அடித்த ராஜ்யம் ஸ்ரீவிஜயம். அடித்தவரை விட்டுவிட்டு அடிபட்டவர் பெயரா என்று எனக்கு ஒரு சந்தேகம். அதைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சரி, பேச்சுக்கு வருவோம். நினைவு நாள் என்றால் பேச்சு, பேச்சு என்றால் செயலாளர். என்னிடம் ஒரு பேச்சு உண்டு. காமராசருக்காக எழுதி, ஜூலை 15 தோறும் வாசித்து, செப்டம்பர் 5 வந்தால் பெயரை மாற்றி ராதாகிருஷ்ணனுக்கும் வாசித்து, நெ. து. சுந்தரவடிவேலு நூற்றாண்டு வந்தபோது அவருக்கும் உதவிய பேச்சு. 'எளிமையின் சிகரம்', 'கல்விக்கண் திறந்த', 'இன்றும் நம் நெஞ்சில்' எல்லாம் அதில் அந்தந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். பெயர் வரும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ரிச்சர்ட்சன் இரண்டெழுத்து கூடுதல், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆனாலும் ஆள் யார் என்று கொஞ்சம் படித்து வைக்கலாமே என்று உட்கார்ந்தேன். அங்கேதான் வினை.

படித்த முதல் அரை மணியிலேயே ரிச்சர்ட்சனை விட்டுவிட்டு அவருடைய வாத்தியாரைப் பிடித்துக்கொண்டேன். காரணம், வாத்தியார் தமிழர். வேதப்பன் சாலமன். 1890களில் கார் நிக்கோபாரின் வடகோடியிலிருக்கும் மூஸ் கிராமத்தில் போய் உட்கார்ந்தவர். அரசாங்க ஏஜென்ட் அவரே, வேதம் சொல்பவரும் அவரே, மழை எத்தனை அங்குலம் என்று குறித்தவரும் அவரே, பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே. கப்பல் எப்போதாவது வரும். மற்ற நாளெல்லாம் தென்னையும் பன்றியும் பவளப்பாறையும், பேச்சு புரியாத ஊரும்தான். அந்த ஊரில் உட்கார்ந்து அவர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். அதிலிருந்து பொறுக்கிய பகுதிகள் 1902இல் லண்டனில் மானிடவியல் நிறுவனத்தின் இதழில் அச்சாகி, இன்றுவரை ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே ஒரு குறுகுறுப்பு. என்னிடமும் டைரிகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒன்றாக, வங்கியிலும் எல்.ஐ.சி.யிலும் கொடுத்தவை, மொத்தம் இருபத்தாறு. எல்லாமே ஜனவரி 1ஆம் தேதி 'இன்று முதல்' என்று ஆரம்பித்து, பொங்கலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டவை. 1998இல் மட்டும் ஜனவரி 19 வரை போயிருக்கிறது. அன்றைக்கு நான் எழுதியிருப்பது: 'தலைவலி.' பிற்பாடு வந்த பக்கங்களில் என் மனைவி பால் கணக்கு எழுதியிருக்கிறாள். லண்டனுக்கு அனுப்பினால் அதுதான் தேறும்.

இருந்தாலும் தமிழர் என்ற ஒரு சொல் போதுமே நமக்கு. நக்கவாரம்தான் நிக்கோபார், தஞ்சாவூர்க் கல்வெட்டில் மாநக்கவாரம் என்றே இருக்கிறது, 1025இல் ராஜேந்திரன் வந்தான், அவனுக்குப் பின் ஒரு தமிழ் வாத்தியார் வந்தார் என்று ஆயிரம் வருஷத்தை ஒரே மூச்சில் இழுத்துப் பேச்சில் சேர்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். கார் நிக்கோபாரில் 'தமிலுவானா' என்று ஒரு சொல் இருப்பதைப் பழைய புத்தகம் ஒன்றில் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த வரியைப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. தமிழ்வாணன் என்பதன் திரிபு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். ரிச்சர்ட்சனுக்கு ஞானஸ்நானத்துக்கு முன் இருந்த நிக்கோபாரிப் பெயர் ஹா செவ் கா. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மொழிஞாயிறு எழுந்துவிட்டார். ஹா, செவ், கா. ஆ, சேவகா! 'சேவகன் என்று பேர் சூட்டிய பெற்றோர்' என்று ஒரு பத்தியே எழுதினேன். கைதட்டல் வாங்கும் இடம் என்று பென்சிலால் ஒரு நட்சத்திரம் வேறு போட்டேன்.

ரிச்சர்ட்சனைப் பற்றி நான் சேர்த்தது இரண்டு பத்திகள். சேர்க்க விஷயம் இல்லாமல் அல்ல. சாலமனின் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த அந்தப் பையன் கடல் கடந்து பர்மாவில் மாண்டலேக்குப் போய் மிஷன் பள்ளியில் படித்தார். அவருடைய ஊர்க்காரர்களில் அப்படிப் போனவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். படித்துவிட்டு அங்கேயே உத்தியோகம் பார்த்திருக்கலாம். 1912இல் மூஸுக்கே வாத்தியாராகத் திரும்பி வந்தார். எழுதிப் பழகாத மொழியை ரோமன் எழுத்தில் எழுதவும் படிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த மொழியில் பெயர்த்தார். இன்றைக்கும் கார் நிக்கோபார்ப் பையன்கள் பந்தை உதைக்கும் வேகத்தைப் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோமே, அந்தக் கால்பந்தை அங்கே பழக்கியவரும் அவர்தான் என்று சொல்வார்கள்.

1942இல் ஜப்பானியர் வந்தார்கள். ஒற்றர் என்று சந்தேகப்பட்டு நிக்கோபாரிகளைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள், கொன்றார்கள். படித்தவர்கள் மேல்தான் முதல் சந்தேகம். எழுத்துத் தெரிந்தவன்தானே சேதி அனுப்ப முடியும். ரிச்சர்ட்சன் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தார். அவரையும் பிடித்துச் சாவுக்கு நாள் குறித்திருந்தார்கள், 1945இல் யுத்தம் முடிந்ததால் பிழைத்தார். பிழைத்தவர் மறுபடி போய் உட்கார்ந்தது அதே பள்ளி, அதே கோயில். 1950இல் பிஷப் ஆனார். 1952இல் முதல் மக்களவை கூடியபோது அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உறுப்பினராக ஜனாதிபதி அவரை நியமித்தார். அப்போது எங்களுக்கு ஓட்டுக் கிடையாது, 1967இல்தான் முதல் தேர்தல். ஆக, டெல்லியில் எங்களுக்காக உட்கார்ந்த முதல் ஆள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண். 1978 ஜூன் 3ஆம் தேதி மறைந்தார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் பேச்சில் சாலமனுக்கு ஆறு பக்கம், ராஜேந்திர சோழனுக்கு இரண்டு பக்கம், ரிச்சர்ட்சனுக்கு ஒன்றே கால். பிள்ளை படித்துப் பெரிய ஆளானால் 'நான் சொல்லிக் கொடுத்ததுதான்' என்று மார் தட்டும் டியூஷன் வாத்தியார் மாதிரி, சொல்லிக் கொடுக்காத நான் மார் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனேன். கடைப் பையன், "படம் இருக்கா அங்கிள்?" என்றான். "ரிச்சர்ட்சன்னு போட்டுத் தேடுப்பா, வரும்" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு எதிரே டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். 'கல்விக்கண் திறந்த ஆயர்' சரியாக இருந்தது. ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தச் சொன்னேன். படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அச்சில் எழுத்துதான் கண்ணில் படும், முகம் படாது.

ஜூன் 3 காலை. தென்மேற்குப் பருவமழை எங்களுக்கு மே கடைசியிலேயே வந்துவிடும். அன்றைக்கு வானம் உடைந்தது போல் கொட்டியது. படிப்பகத்துக்குத் தகரக் கூரை. அந்தமானில் தகரக் கூரைக்குக் கீழே மழையில் பேசியவர்களுக்குத் தெரியும், மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஃப்ளெக்ஸைக் கட்டினோம். மெரூன் தொப்பி. அகல விளிம்பு. கீழே 'கல்விக்கண் திறந்த ஆயர்'.

கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்கியிருந்த ஒரு பையன்தான், "அடடா, இவரு பாதிரியாராவும் இருந்தாரா?" என்று உண்மையான மரியாதையோடு கேட்டான். தலைவர் தலையில் கை வைத்தார். என் மனைவி வடை வாளியை இறக்கி வைத்துவிட்டு, "ஏங்க, மாலையைத் தொப்பி மேல போட்டா முகம் மறைஞ்சிரும்ல?" என்றாள். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான். ரெண்டு மாலையாகப் போட்டோம்.

பேச எழுந்தேன். எதிரே பின்வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கார் நிக்கோபார்க்காரர், அங்கே ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மகளோடு இப்போது எங்கள் பக்கம் தங்கியிருக்கிறார். தலைவர் அவரைத் தனியாகப் போய் அழைத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அன்று காய்ச்சல் வந்திருக்கும்.

ராஜேந்திர சோழனில் ஆரம்பித்தேன். தமிலுவானா சொன்னேன். ஆ சேவகா சொன்னேன், நட்சத்திரம் போட்ட இடத்தில் நிறுத்தினேன். கைதட்டலுக்குப் பதில் இடி இடித்தது. பிள்ளைகள் இப்போது போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவதைக் கண்டித்து, 'சொந்த எழுத்தை விட்டவன் சொந்த முகத்தை விட்டவன்' என்று முழங்கினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், ரோமன் எழுத்தில் தம் மக்களுக்குப் படிப்புத் தந்த பெருந்தகை என்று ரிச்சர்ட்சனைப் புகழ வேண்டியிருந்தது. புகழ்ந்தேன். முதல் வரிசையில் என் பேரன், போனில் தமிழை ரோமன் எழுத்தில் தட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பழைய பேச்சு என்னைக் காலை வாரியது. பெயரை மாற்றியிருந்தேன், மற்றதை மாற்றவில்லை. 'விருதுபட்டி ஈன்ற வீரத் திருமகன், பட்டினி வயிற்றுக்கு மதிய உணவு தந்த மாமனிதர் பிஷப் ரிச்சர்ட்சன்' என்று உரத்த குரலில் வாசித்து முடித்தேன். மழை அப்போது பார்த்து நின்றிருந்தது.

வடை கொடுக்கும்போது பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தியில்தான் பேசினார். தமிழ் எவ்வளவு புரிந்ததோ என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். "முப்பது வருஷம் தமிழ் வாத்தியார்களோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தேன், பாய் சாப்" என்றார். நம்பிக்கை போயிற்று.

கோபிக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. "தமிலுவானா என்றால் எங்கள் ஊரில் பேய் ஓட்டுகிறவர். பழைய காலத்து மந்திர வைத்தியர். சாலமன் சாப் பள்ளிக்கூடம் வைத்ததே அவர்களுக்கு எதிர்க்கடையாகத்தான்" என்று சொல்லி வடையைப் பிய்த்தார். அப்புறம் ஹா செவ் கா என்பதைச் சொல்லிக் காட்டினார். நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை, "பரவாயில்லை, சேவகன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்.

பிறகு அவர் சொன்ன ஒன்றை, நான் ஏற்கனவே அந்தப் பழைய புத்தகங்களில் பார்த்துத் தாண்டிப் போயிருந்தேன். அந்தக் காலத்து நிக்கோபாரிகள் இறந்தவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரோப்ஸ்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்து, இப்படியிருந்தால் இந்த ஜனங்களுக்கு வரலாறே மிஞ்சாதே என்று அங்கலாய்த்திருக்கிறார். அவர்கள் கோழி, தீ, பாதை என்று சாமானியப் பொருளின் பெயரைத்தான் மனிதர்களுக்கு வைப்பார்கள். ஆள் இறந்துவிட்டால், அந்தப் பொருளுக்கும் அந்தச் சொல் போய்விடும். புதுச் சொல் ஒன்று செய்துகொள்வார்கள், அல்லது வேறு தீவிலிருந்து கடன் வாங்குவார்கள். தொப்பி என்றும் ஒருவருக்குப் பெயர் இருக்குமாம். அவர் போனால் ஊரில் தொப்பிக்குப் பெயர் கிடையாது.

"என் பாட்டி காலத்தோடு அதெல்லாம் போச்சு. இப்போது ஆஸ்பத்திரிக்கே அவர் பெயர்தான், எல்லோரும் சொல்கிறோம்" என்றார் பெரியவர். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ரெண்டு மாலைக்கு மேலே தொப்பியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. "நீங்கள் பழைய முறையிலேயே செய்துவிட்டீர்கள். நாற்பது நிமிஷம் அவரைப் பற்றிப் பேசவே இல்லை."

எனக்கு வடை இறங்கவில்லை. என் பேச்சுக்கு வந்த ஒரே விமர்சனம் இது. இருபது வருஷமாக நான் பேசிய நினைவு நாள் பேச்சுகளை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காமராசரைப் பற்றிப் பேசியதில் காமராசர் எவ்வளவு, நான் எவ்வளவு என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கை இங்கே போட வேண்டாம், குடும்பத்தினர் படிப்பார்கள்.

அவரிடம் நான் வழக்கம் போல ஒரு பெரிய வாக்குறுதி கொடுத்தேன். நேரிலேயே வந்து மூஸைப் பார்க்கிறேன், செயிண்ட் தாமஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு முறையாக எழுதுகிறேன் என்றேன். போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர், ஒரு ராத்திரிக் கப்பல். ஐம்பத்தெட்டு வருஷமாக இந்தத் தீவில் இருந்துகொண்டு நான் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. கப்பல் என்றால் எனக்கு வாந்தி. ஹேடோவில் நங்கூரம் எடுக்கும் முன்பே ஆரம்பித்துவிடும். பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சுனாமிக்கு அப்புறம் ஊர் கரையை விட்டு உள்ளே தள்ளிப் போய்விட்டது. முன்பு இருந்த இடத்தில் தேடாதீர்கள்" என்றார். பழங்குடிப் பகுதி என்பதால் 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், விண்ணப்பத்தைத் தன் மகளே நிரப்பித் தருவாள் என்றும் சொன்னார். கிளம்பும்போது வாசலில் குடையை விரித்துக்கொண்டு திரும்பி, "போட்டோ ஒட்ட வேண்டியிருக்கும், பாய் சாப். உங்களுடைய படம்" என்றார்.

விண்ணப்பம் நிரப்பியாகிவிட்டது. என் மேஜை டிராயரில், 1998ஆம் வருஷத்து டைரிக்குள் இருக்கிறது. போட்டோவும் எடுத்துவிட்டேன், தொப்பி இல்லாமல். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஃப்ளெக்ஸை என் மனைவி கோழிக்கூண்டு மேல் விரித்திருக்கிறாள். இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை.